கல்யாணமா, திருமணமா, கட்டிக்கிறதா? பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதிக் கொடுப்பதும் பிழை பார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. வருகிறவர்கள் எழுத்துப் பிழையைவிடச் சொல்லைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே வைத்திருக்கிறேன்.

கல்யாணம்னா கல்யாணம்தானே? அதுக்கு வேற என்ன அர்த்தம் இருக்கு?

இன்றைய பேச்சில் வேறு அர்த்தம் இல்லைதான். ஆனால் அந்தச் சொல்லின் பழைய பொருள் நன்மை, அழகு, மங்கலம். இருவர் இணைவது என்ற கருத்து அதற்குள் எங்குமே கிடையாது. வைணவர்கள் பெருமாளுக்கு 'அனந்த கல்யாண குணங்கள்' உண்டு என்பார்கள். எண்ணில் அடங்காத நற்குணங்கள் என்று பொருள். பாலி மொழிப் பௌத்த நூல்களில் 'கல்யாணமித்த' என்றால் நல்வழி காட்டும் நண்பன். சமணர்கள் தீர்த்தங்கரர் வாழ்க்கையில் ஐந்து நிகழ்ச்சிகளைப் 'பஞ்ச கல்யாணம்' என்று கொண்டாடுகிறார்கள்: கருவில் தங்குவது, பிறப்பு, துறவு, முழு ஞானம், முக்தி. ஐந்தில் திருமணம் இல்லை, துறவு இருக்கிறது!

நன்மையைக் குறித்த சொல் எப்படி இதற்கு வந்தது என்று கேட்டால், நம் வீட்டுப் பேச்சையே கவனியுங்கள். 'அந்தப் பொண்ணுக்கு ஒரு நல்லது நடந்துட்டா போதும்' என்று ஒரு பாட்டி சொன்னால் எந்த நல்லது என்று யாரும் கேட்பதில்லை. 'வீட்ல ஏதாவது விசேஷமா?' என்பதும் அப்படித்தான். கல்யாணம் என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான்.

அப்ப அது சமஸ்கிருதமா? சுத்தத் தமிழ்னு வாட்ஸ்அப்ல ஒரு விளக்கம் வந்துச்சே?

'கலி' என்றால் மகிழ்ச்சி, அதோடு இன்னொரு சொல் சேர்ந்து கலியாணம் ஆனது என்பது போன்ற விளக்கங்கள் சுற்றுகின்றன. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நிற்காது. ரிக் வேதத்திலேயே 'கல்யாணீ' என்ற சொல் அழகி, நல்லவள் என்ற பொருளில் வருகிறது. மேலே சொன்ன பாலி, சமண வழக்குகளிலும் பொருள் நன்மைதான். திருமணம் என்ற பொருளை மட்டும் வைத்துக்கொண்டு வேர் தேடினால், பிறகு வந்து ஒட்டிய பொருளுக்குத்தான் வேர் தேடுகிறோம்.

அதற்காக இதை வெறும் இரவல் என்று தள்ளவும் முடியாது. சொல் வடக்கே இருந்து வந்தது. அதைத் திருமணத்துக்கு ஆக்கிக்கொண்டது தெற்கு. நாலடியாரின் 86-ஆம் பாட்டு 'பல்லார் அறியப் பறையறைந்து நாள்கேட்டுக் கல்யாணம் செய்து' என்று தொடங்குகிறது. ஊரறியப் பறை அடித்து, நாள் பார்த்து, கல்யாணம் செய்து மனைவியை அழைத்து வந்திருக்கும்போது அடுத்தவன் மனைவியை ஏன் பார்க்கிறாய் என்று கேட்கும் பாட்டு. இன்றைக்கு நாம் சொல்கிற அதே பொருள்தான் அங்கும். அவ்வளவு காலமாக நம்மோடு இருக்கிற சொல்லை வெளியே போ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வடக்கே வேலைக்குப் போன எங்க பையன் 'சமாஜ் கல்யாண்'னு போர்டைப் பார்த்துட்டு கல்யாண ஆபீஸ்னு நினைச்சுட்டான். அங்க அதுக்கு என்னதான் அர்த்தம்?

சமூக நலம். இந்தியில் 'கல்யாண்' என்றால் நலன், நல்வாழ்வு. அங்கே திருமணத்துக்கு 'ஷாதி' அல்லது 'விவாஹ்'. மும்பைக்குப் பக்கத்தில் கல்யாண் என்று ஊரே இருக்கிறது. கர்நாடகத்தின் வடகிழக்கு மாவட்டங்களுக்கு 2019-இல் 'கல்யாண கர்நாடகா' என்று பெயர் மாற்றினார்கள். அதுவும் திருமணத்தால் வந்த பெயர் இல்லை. மேலைச் சாளுக்கியரின் தலைநகராக இருந்த கல்யாணி, அதாவது இன்றைய பசவகல்யாண், அந்தப் பகுதியில் இருப்பதால் வந்தது. கொழும்புக்குப் பக்கத்தில் ஓடும் களனி ஆற்றின் பழைய பெயரும் கல்யாணிதான். கர்நாடக இசையில் 65-ஆவது மேளகர்த்தா ராகமான மேசகல்யாணிக்கும் முகூர்த்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நாதஸ்வரக்காரர்கள் அதைக் கல்யாணத்தில் விரும்பி வாசித்தாலும்.

தெற்கிலும் எல்லா மொழியும் ஒரே மாதிரி இல்லை. தெலுங்கில் நம் வீட்டுக் கல்யாணம் 'பெள்ளி'. பத்ராசலத்தில் ராமருக்கும் சீதைக்கும் நடப்பது 'கல்யாணம்'. மலையாளத்தில் நம்மைப் போலவே கல்யாணம்தான், ஆனால் அங்கே 'கல்யாணம் கழிச்சோ?' என்று கேட்பார்கள். புதிதாகப் போன தமிழர் முழிப்பார். அங்கே 'கழிக்க' என்பதற்கு முடிப்பது என்றும் பொருள், சாப்பிடுவது என்றும் பொருள். நம் ஊரில் கழிப்பது வேறு.

சாவு வீட்டைப் போய் 'கல்யாணச் சாவு'னு சொல்றாங்களே, அது சரியா?

பேரன், கொள்ளுப்பேரன் எல்லாம் பார்த்து, படுக்கையில் அதிகம் கிடக்காமல் போன முதியவரின் சாவு அது. மேளதாளம், பூப்பல்லக்கு என்று கல்யாணம் மாதிரி நடத்துவதால் அப்படிச் சொல்கிறோம். முதல் பதிலில் சொன்ன பழைய பொருளோடு வைத்துப் பார்த்தால், 'நல்ல சாவு' என்றும் அது பொருந்திவிடுகிறது. சொன்னவர்கள் அதை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். இருந்தாலும் பொருத்தம் பொருத்தம்தான்.

நித்தியகல்யாணிச் செடிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. மடகாஸ்கரிலிருந்து வந்த செடி, வருஷம் முழுக்கப் பூப்பதால் இங்கே நித்தியகல்யாணி. அதே செடிக்கு இன்னொரு பெயர் சுடுகாட்டு மல்லி. புற்றுநோய் மருந்து எடுப்பதும் அதிலிருந்துதான். கல்யாண முருங்கை என்பது முள்முருங்கை. பந்தல்கால் நடும்போது அதன் கொம்பை நடுகிற வழக்கம் உண்டு. யாழ்ப்பாணத்தில் கன்னிக்கால் ஊன்றுவது என்பார்கள். கல்யாணப் பூசணி பந்திக்குப் போகிற வெள்ளைப் பூசணி, அவ்வளவுதான்.

பத்திரிகையில 'கல்யாணம்'னு போட்டா தரக்குறைவா? 'திருமணம்'னுதான் போடணுமா?

தரக்குறைவு எதுவும் இல்லை. ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. எழுத்தில் திருமணம், பேச்சில் கல்யாணம். 'எங்கள் மகளின் திருமணத்துக்கு வாருங்கள்' என்று பத்திரிகையில் போட்டுவிட்டு, அதைக் கையில் கொடுக்கும்போது 'கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்துடணும்' என்றுதான் சொல்லுவோம். கோயிலில் இது தலைகீழ். மதுரையில் சித்திரையில் மீனாட்சிக்கு நடப்பது திருக்கல்யாணம். யாரும் 'மீனாட்சி திருமணம்' என்று சுவரொட்டி அடிப்பதில்லை. திருவிடந்தையில் இருப்பவர் நித்தியகல்யாணப் பெருமாள். அறுபது வயதில் செய்வதும் அறுபதாம் கல்யாணம்தான், அறுபதாம் திருமணம் என்றால் ஆள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்.

மணம்னா வாசனை. கல்யாணத்துக்கும் வாசனைக்கும் என்ன சம்பந்தம்? பூ, சந்தனம் எல்லாம் இருக்கிறதாலயா?

பூவும் சந்தனமும் பின்னால் சொல்லும் சமாதானம். 'மண' என்ற வினைக்குப் பழந்தமிழில் கலத்தல், கூடுதல், தழுவுதல் என்று பொருள். அதற்கு எதிர்ச்சொல் 'தண', அதாவது பிரிதல். குறளின் 1233-ஆவது பாட்டில் இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன: 'தணந்தமை சால அறிவிப்ப போலும் மணந்தநாள் வீங்கிய தோள்.' கூடியிருந்த நாளில் பூரித்த தோள், இப்போது மெலிந்து, அவர் பிரிந்ததை ஊருக்குச் சொல்கிறதாம். இங்கே 'மணந்த நாள்' என்பதை முகூர்த்த நாள் என்று படித்தால் குறள் கெட்டுவிடும்.

ஆக, மணம் என்றால் முதலில் சேர்க்கை, சடங்கு பிறகு. வாசனையைக் குறிக்கும் மணமும் இதுவும் ஒரே வேரா, வேறு வேறா என்ற விவாதத்தில் நான் நுழையப் போவதில்லை. கவிஞர்களுக்கு இரண்டும் ஒரே ஒலியாக இருப்பது வசதி. அவர்கள் அதை விடப்போவதும் இல்லை.

சொல்விளையாட்டு பிடித்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சீர்காழிக்குப் பக்கத்தில் ஆச்சாள்புரம். தேவாரத்தில் அந்தக் கோயிலுக்கு நல்லூர்ப் பெருமணம் என்று பெயர். சம்பந்தருக்குத் திருமணம் நடந்த இடமும், திருமணக் கூட்டத்தோடு அவர் சோதியில் கலந்த இடமும் அதுதான் என்பது மரபு. அங்கே அவர் பாடிய பதிகம் 'கல்லூர்ப் பெருமணம் வேண்டா' என்று ஆரம்பிக்கிறது. ஊர்ப் பெயரும் பெருமணம், கல்யாணமும் பெருமணம். ஒரே சொல்லை அடிதோறும் திருப்பித் திருப்பி வைத்து, 'இந்தப் பெருமணம் வேண்டாம்' என்று கல்யாணப் பந்தலில் ஒரு மாப்பிள்ளை பாடியிருக்கிறார்!

'இரு மனம் இணையும் திருமணம்'னு போடச் சொன்னா, ரெண்டுக்கும் ஒரே எழுத்துப் போட்டுட்டாங்க. எது பெரிய ண?

உள்ளம் என்றால் மனம், றன்னகரம் (இரண்டு சுழி ன). கல்யாணம் என்றால் மணம், டண்ணகரம் (மூன்று சுழி ண). அந்த வரியின் அழகே இரண்டும் காதுக்கு ஒன்று போல, கண்ணுக்கு வேறாக இருப்பதுதான். ஒரே எழுத்தைப் போட்டால் விளையாட்டு போச்சு. மணமகன், மணமகள், மணமேடை, மணவறை எல்லாமே டண்ணகரம். 'மனமகன்' என்று அச்சானால் மனத்துக்குள்ளேயே இருக்கிற மகன் ஆகிவிடுவார்.

சங்க காலத்துல இதுக்கு என்ன சொன்னாங்க? அப்பல்லாம் தாலி உண்டா?

வதுவை, மணம், வரைவு, மன்றல், கடி என்று பல சொற்கள் உண்டு. கல்யாணத்தை நேரில் பார்க்கிற மாதிரி காட்டும் பாட்டுகள் அகநானூற்றில் 86-உம் 136-உம். 86-இல் உளுந்து சேர்த்த குழைந்த சோறு, வரிசையான கால்கள் நட்ட பந்தல், புதுமணல், விளக்கு, மாலை எல்லாம் வருகின்றன. சந்திரன் ரோகிணியோடு சேர்ந்த நாள். பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் மணமகளை நீராட்டி, 'உன்னை மனைவியாகப் பெற்றவன் விரும்பும் துணையாக இரு' என்று வாழ்த்துகிறார்கள். 'வதுவை நன்மணம் கழிந்த பின்றை' என்று வதுவையும் மணமும் அங்கே சேர்ந்தே வருகின்றன. புரோகிதர் இல்லை, தீ வலம் இல்லை, தாலி கட்டுவதும் இல்லை. 136-இல் மொட்டுகளோடு சேர்த்து ஒரு வெண்ணூலைச் சூட்டுகிறார்கள். அதைத் தாலி என்று அடித்துச் சொல்வது அவசரம். சிலப்பதிகாரத்துக்கு வரும்போது முதிய பார்ப்பான் மறைவழி காட்ட, கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகிறார்கள்.

அகப்பாடல்களில் மணம் செய்துகொள்வதற்கு 'வரைதல்' என்பது அதிகம் புழங்கிய சொல். களவிலேயே, அதாவது மறைவான காதலிலேயே, காலம் தள்ளும் தலைவனிடம் தோழி 'எப்போது வரையப் போகிறாய்' என்று நெருக்குவதற்கு 'வரைவு கடாதல்' என்று துறையே உண்டு. இன்றைக்கு வரைவு என்றால் அரசாங்க வரைவு அறிக்கை. முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருப்பது இரண்டுக்கும் பொதுதான்.

'கடிமணம்'னு ஒரு பழைய பத்திரிகையில பார்த்தேன். யார் யாரைக் கடிக்கிறது?

இதைக் கேட்காதவர்களே இல்லை. 'கடி' பழந்தமிழில் ஒரு உரிச்சொல். தொல்காப்பியம் அதற்குப் பத்துப் பொருள் சொல்கிறது. அந்தப் பத்தில் காவலும் புதுமையும் சிறப்பும் உண்டு. அச்சமும் உண்டு. 'கடிமணம்' சிறப்பான திருமணம், 'கடிநகர்' காவல் உள்ள ஊர் அல்லது மணவீடு. இரண்டாம் பதிலில் காட்டிய நாலடியார்ப் பாட்டிலும் 'கடிபுக்க' என்று வருகிறது. இப்போது கடி என்றால் மொக்கை ஜோக் என்றாகிவிட்ட பிறகு, பத்திரிகையில் போட வேண்டாம் என்றே சொல்வேன். மாப்பிள்ளையின் நண்பர்கள் விடமாட்டார்கள்.

'அத்தை பொண்ணைக் கட்டிக்கிட்டான்'னு சொல்றோமே, கட்டுறது தாலியையா, பொண்ணையா?

கட்டுவது தாலியைத்தான், ஆனால் வாக்கியத்தில் தாலி விழுந்துபோய், கட்டப்படுகிறவள் செயப்படுபொருள் ஆகிவிட்டாள். ஈழத்தில் 'கலியாணம் கட்டிட்டியா?' என்று கல்யாணத்தையே கட்டுவார்கள். மலையாளத்தில் அதே சொல் 'கெட்டு'; கணவன் 'கெட்டியோன்', மனைவி 'கெட்டியோள்'. நம் காதில் கெட்டுப்போனவர் என்று விழும், பாவம்.

தமிழில் சொல்விளையாட்டுக்கு இதைவிட நல்ல வினை கிடைக்காது. சேலையைக் கட்டிக்கொள்ளலாம், குழந்தை அம்மாவைக் கட்டிக்கொள்ளும், மாமன் மகளையும் கட்டிக்கொள்ளலாம். 'பெரியவளுக்குக் கட்டிக் கொடுத்தோம், சின்னவளைக் கட்டிக் கொடுத்தோம்' என்று ஒரு அப்பா சொன்னால், முதலாவது வீடு, இரண்டாவது கல்யாணம். வேற்றுமை உருபுதான் வித்தியாசம் காட்டுகிறது. ஊர் சுற்றும் பையனுக்குப் போடுவது 'கால்கட்டு'. பிடிக்காத வரனையும் விற்காத சரக்கையும் 'என் தலையில கட்டிட்டாங்க' என்கிறோம். கணவன் உயிரோடு இருக்கும் பெண் 'கட்டுக்கழுத்தி'. 'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்பதில், கட்டு என்ற வினை இரண்டு பக்கமும் பொருந்துமே என்று சிலர் 'வீட்டைக் கட்டிப்பார், பெண்ணைக் கட்டிப்பார்' என்று மாற்றிச் சொல்வதும் உண்டு. ஆனால் அந்தப் பழமொழி மாப்பிள்ளையைப் பற்றியது இல்லை. செலவு செய்கிற பெற்றோரைப் பற்றியது.

ஆம்பளைக்கு மட்டும் 'கட்டிக்கிட்டான்', பொம்பளைக்கு 'வாழ்க்கைப்பட்டா'னு ஏன் வேற வேற சொல்லு?

நல்ல கேள்வி. இதற்குத் தொல்காப்பியத்திலிருந்தே தடம் இருக்கிறது. கற்பு, அதாவது மண வாழ்க்கை, என்பது என்ன என்று சொல்லும் நூற்பா, கொள்வதற்கு உரியவன் கொள்ள, 'கொடைக்குரி மரபினோர் கொடுப்ப'க் கொள்வது என்கிறது. அவன் கொள்கிறான், பெற்றோர் கொடுக்கிறார்கள். அவளுக்கு என்று அங்கே வினையே இல்லை. இன்றும் பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம் என்கிறோம். உறவுக்கு உறவு சம்பந்தம் செய்துகொள்வது கொள்வினை கொடுப்பினை. கணவன் 'கொண்டவன்'.

பெண்ணுக்குக் கிடைத்த வினைகளைப் பாருங்கள். வாழ்க்கைப்படுதல், பேச்சில் 'வாக்கப்பட்டு வந்தேன்'. அதில் உள்ள 'படு', அடிபடு, துன்பப்படு என்பதில் வருகிற அதே படுதான். 'பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகணும்' என்ற பழமொழியை ஆணுக்கு மாற்றிச் சொல்ல முடியவில்லை. இன்னொன்று 'கழுத்தை நீட்டுதல்'. 'இந்த மனுஷனுக்குப் போய்க் கழுத்தை நீட்டினேனே' என்று சொல்லாத அம்மாக்கள் குறைவு. இப்போது 'அவ அவனைக் கட்டிக்கிட்டா' என்று பெண்ணை எழுவாயாக வைத்தும் தாராளமாகச் சொல்கிறோம். மொழி கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது.

'கரம் பிடித்தார்'னு பேப்பர்ல போடுறாங்களே, அது சினிமா நடிகைகளுக்கு மட்டுமா?

செய்தித்தாள்கள் பழக்கத்தால் அப்படி ஆக்கிவிட்டன. கைப்பிடித்தல் மிகப் பழைய வழக்கு. வடமொழியில் பாணிக்கிரகணம் என்பதும் கை பற்றுவதுதான். ஆண்டாள் 'வாரணமாயிரம்' பதிகத்தில் கண்ட கனவில் மதுசூதன் வந்து கைத்தலம் பற்றுகிறான், தீவலம் வருகிறார்கள், அம்மி மிதிக்கிறாள், கையில் காப்பு நாண் கட்டுகிறார்கள். தாலி கட்டுவதாக அந்தப் பதிகத்தில் ஒரு வரியும் இல்லை. அங்கே கல்யாணத்தின் உயிர் கை பற்றுவதில் இருக்கிறது, நமக்குக் கழுத்தில்.

இதே போல இடம் மாறிய இன்னொரு சொல் 'தாரை வார்த்தல்'. பெண்ணின் கையை மாப்பிள்ளையிடம் தந்து நீர் வார்க்கும் சடங்கு அது. இன்று அரசியல் மேடையில், நிலத்தையோ உரிமையையோ சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று திட்டப் பயன்படுகிறது. பந்தலில் புண்ணியம், மேடையில் குற்றம்.

'ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்'ங்கிறது தப்பு, 'ஆயிரம் பேர்கிட்ட போய்ச் சொல்லி'ங்கிறதுதான் சரின்னு பட்டிமன்றத்துல சொன்னாங்களே?

பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கும் விளக்கம். எனக்கு நம்பிக்கை இல்லை. 'போய்ச் சொல்லி' ஆவதற்கு ஒரு குறில் நெடிலாக வேண்டும், நடுவில் ஒரு ச் வேண்டும், 'பேரிடம்' என்று இல்லாத ஒரு சொல்லையும் சேர்க்க வேண்டும். இவ்வளவு ஒட்டுப் போட்டால் எந்தப் பழமொழியையும் எப்படியும் மாற்றலாம். 'ஆயிரம் பொய், ஒரு கல்யாணம்' என்று எண்ணுக்கு எண் எதிராக நிற்பதே அதன் கட்டுமானம்.

நம் முன்னோர் பொய் சொல்லச் சொல்லியிருப்பார்களா என்ற சங்கடம்தான் இந்தத் திருத்தத்துக்குக் காரணம். தரகர் வரன் சொல்லும் விதம் தெரிந்தவர்கள் சங்கடப்பட மாட்டார்கள். பழமொழிகளில் கேலியும் உண்டு, அனுபவமும் உண்டு. எல்லாமே அறிவுரை இல்லை. 'பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்' என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதை யாரும் மருத்துவக் குறிப்பாக எடுத்துக்கொள்வதில்லையே.

'திருவளர்ச்செல்வன்' சரியா, 'திருவளர்செல்வன்' சரியா? கடைசிப் பிள்ளைக்கு 'திருநிறை'னு போடணுமாமே?

ச் வேண்டாம். 'வளர்செல்வன்' வினைத்தொகை, வளர்ந்த, வளர்கிற, வளரும் என்று மூன்று காலத்துக்கும் பொதுவாக நிற்கும். சுடுசோறு, ஊறுகாய் மாதிரி. வினைத்தொகையில் ஒற்று மிகாது. திருநிறைசெல்விக்கும் அதே விதி. அச்சகங்களில் பழைய பத்திரிகையைப் பார்த்தே புதிது கோப்பதால் ச் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. நான் எடுத்துக் கொடுத்தால் 'எல்லாரும் போடுறாங்களே' என்று பாதிப் பேர் திரும்பச் சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்துவிடுவேன், கல்யாண வீட்டில் இலக்கணச் சண்டை எதற்கு.

மூத்த பிள்ளைகளுக்குத் திருவளர், அந்த வீட்டின் கடைசிக் கல்யாணத்துக்குத் திருநிறை என்பது பத்திரிகை வழக்கம். அதற்கு இலக்கண ஆதாரம் கிடையாது. சில குடும்பங்கள் அதைக் கடுமையாகப் பார்ப்பதால், வீட்டில் பெரியவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கல்யாணமா, கலியாணமா? இலங்கைச் சொந்தக்காரங்க 'கலியாணம்'னே எழுதுறாங்க.

இரண்டும் சரி. வடசொல் தமிழுக்கு வரும்போது இடையில் இகரம் நுழைவது சாதாரணம். வாக்யம் வாக்கியம் ஆனது போல. தமிழ்நாட்டிலும் முன்பு கலியாணம் அதிகம். பழைய தமிழ் வேதாகமத்தில் கானா ஊரிலே நடந்தது 'கலியாணம்'தான். ஈழத்தார் அந்த எழுத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு நுட்பம். 'கல்யாணம் என்று எழுதினால் தமிழ் எழுத்து விதி மீறல், கலியாணம்தான் தமிழாக்கம்' என்று சிலர் சொல்வார்கள். வாக்யத்தில் க், ய் சேர்வதைத் தமிழ் ஏற்காது, சரி. ஆனால் ல், ள் இரண்டுக்கும் பின்னால் ய வரலாம் என்று தொல்காப்பியமே அனுமதிக்கிறது. கொல்யானை என்று எழுதுகிறோமே. ஆகவே விதியைக் காட்டிக் கல்யாணத்தைத் தடுக்க முடியாது.

எங்களோடது சடங்கில்லாத கல்யாணம். 'திருமணம்'னு போடலாமா, வேற பேர் இருக்கா?

போடலாம். 1967-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது, இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அந்தச் சட்டமே இதைச் சுயமரியாதைத் திருமணம், சீர்திருத்தத் திருமணம் என்றுதான் குறிப்பிடுகிறது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், தாலியும் கட்டலாம்.

'திரு'வும் வேண்டாம், 'மண'மும் வேண்டாம் என்கிறவர்கள் 'வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா' என்று போடுகிறார்கள். 'வாழ்க்கைத் துணைநலம்' குறளின் ஆறாம் அதிகாரத் தலைப்பு. 'இணையேற்பு விழா' என்றும் இப்போது பார்க்கிறேன். கொள்வதும் கொடுப்பதும் இல்லாமல் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பது என்று பொருள் வருவதால், மேலே வாழ்க்கைப்படுதல் பற்றிக் கேட்டவருக்கு அது பிடிக்கும். பத்திரிகையில் படிக்கவும் சுருக்கம்.

'விவாகம்'னு யாருமே பேசுறதில்லை. ஆனா 'விவாகரத்து' மட்டும் எப்படி எல்லார் வாயிலயும் இருக்கு?

விவாகம் என்பதற்கு வடமொழியில் அழைத்துச் செல்லுதல் என்று வேர்ப்பொருள்; பெண்ணைத் தகப்பன் வீட்டிலிருந்து கூட்டிப்போவது. தமிழ்ப் பேச்சில் அது ஊன்றவில்லை. பழைய வேதாகமத்தின் வழியாகச் புராட்டஸ்டன்ட் சபைகளில் 'பரிசுத்த விவாகம்' இருக்கிறது. இலங்கையில் அரசு வழக்கில் 'விவாகப் பதிவாளர்' இன்றும் உண்டு. மற்றபடி அது ஒதுங்கிவிட்டது. 'ரத்து' அரபியிலிருந்து உருது வழியாக நீதிமன்றத்துக்கு வந்த சொல். இரண்டும் கோர்ட்டுக் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு விவாகரத்து ஆகி, பிரியும்போது மட்டும் வேண்டியிருக்கிற சொல்லாக நிலைத்துவிட்டது.

தமிழில் மணமுறிவு, மணவிலக்கு என்று இரண்டு சொல்கிறோம். முறிவு தானாக நேர்வது, விலக்கு சட்டப்படி பெறுவது. அதனால் மனுவில் எழுதுவதற்கு மணவிலக்கே பொருத்தம். மறுமணப் பத்திரிகை எழுத வருகிறவர்கள் சிலர் அதில் இதைக் குறிப்பிட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டியதில்லை. 'மறுமணம்' என்ற சொல்லைக்கூடப் போட வேண்டாம். திருமணம் என்றே போடுங்கள்.